மெழுகு கிரேயானில் ஜன்னல் சன்கேட்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேயான் துண்டுகளைத் துருவி, இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே தூவி, இஸ்திரிப் பெட்டியால் உருக்கினால் வண்ணக் கண்ணாடி போல ஒரு தாள் கிடைக்கும். அதை வெட்டி, சட்டம் போட்டு, வெளிச்சம் விழும் ஜன்னலில் தொங்கவிட்டால் சன்கேட்சர். வேலை அரை மணி நேரம்தான். ஆனால் செய்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்: தாள் ஒட்டவில்லை, நிறம் சேறாகிவிட்டது, வெயிலில் வளைந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஏற்கெனவே ஒன்றிரண்டு செய்து சொதப்பியவர்கள் நேராக 9-ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. என்னென்ன வேணும்? வீட்ல இருக்கிறதை வெச்சே செய்ய முடியுமா?

மெழுகுத்தாளைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். மூன்று நான்கு நிறத்தில் கிரேயான், பென்சில் ஷார்ப்னர், இஸ்திரிப் பெட்டி, எழுதாத வெள்ளைத் தாள் சில, பழைய துண்டு ஒன்று, கத்தரிக்கோல், கறுப்பு சார்ட் அட்டை, பசை, நூல். உடைந்த கிரேயானே போதும், புதுப் பெட்டி வாங்க வேண்டாம்.

மெழுகுத்தாளுக்கு மேலும் கீழும் வைக்கச் செய்தித்தாளை எடுக்காதீர்கள். சூட்டில் அச்சு மை இளகி மெழுகுத்தாளில் எழுத்து எழுத்தாக ஏறிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டுமானால் அடியில் மெத்தை போல இருக்கட்டும். மெழுகுத்தாளைத் தொடுவது வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும்.

2. முழு செய்முறையையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்களேன்.

மேசைமேல் துண்டை இரண்டாக மடித்து விரியுங்கள். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் மெழுகுத்தாள். கிரேயானைச் சுற்றியுள்ள காகிதத்தை உரித்துவிட்டு, ஷார்ப்னரில் சீவி, துருவலை மெழுகுத்தாளின்மேல் பரவலாகத் தூவுங்கள். நான்கு ஓரத்திலும் 2 செ.மீ. வெறுமனே இருக்கட்டும். மேலே இன்னொரு மெழுகுத்தாளை வைத்து, அதற்கும் மேல் ஒரு வெள்ளைத் தாளை மூடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், ஆவி இல்லாமல் வைத்து, தாளின்மேல் அழுத்தி 5 விநாடி எண்ணி, தூக்கிவிடுங்கள். துணிக்குத் தேய்ப்பதுபோல் இழுக்கக் கூடாது. பக்கத்து இடத்தில் மறுபடி 5 விநாடி. முழுத் தாளும் ஆனதும் மேல் தாளை லேசாக விலக்கிப் பாருங்கள். துருவல் துருவலாகவே தெரிந்தால் இன்னொரு சுற்று.

உருகியதும் அசைக்காமல் 5 நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு வடிவம் வெட்டி, சார்ட் அட்டையில் சட்டம் செய்து ஒட்டி, நூல் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தவறும் என்பதுதான் இனி வரும் கேள்விகள்.

3. மெழுகுத்தாளும் பட்டர் பேப்பரும் ஒண்ணுதானே? எது இருந்தா என்ன?

இல்லை. இந்த வேலையில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். மெழுகுத்தாள் என்பது இரண்டு பக்கமும் மெழுகு பூசிய மெல்லிய தாள். சூடு பட்டதும் அந்தப் பூச்சே உருகி, கிரேயான் மெழுகோடு சேர்ந்து, மேல் தாளையும் கீழ்த் தாளையும் ஒட்டிவிடும். பட்டர் பேப்பர், பேக்கிங் பேப்பர் என்று கிடைப்பவற்றில் பல சிலிக்கோன் பூசியவை. அவற்றின் வேலையே எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. அதில் செய்தால் ஆறியதும் தாள் உரிந்து வந்துவிடும்.

கையிலிருப்பது எது என்று தெரியாவிட்டால் நகத்தால் ஒரு கோடு கிழியுங்கள். மெழுகுத்தாளில் வெள்ளையாகத் தடம் விழும், நகக்கண்ணில் மெழுகுத்தூள் ஒட்டும். சிலிக்கோன் தாளில் ஒன்றும் வராது. அதைத் தூக்கிப் போட வேண்டாம், 19-ஆம் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

4. எந்தக் கிரேயான் நல்லா வரும்? ஆயில் பேஸ்டல்ல செய்யலாமா?

சாதாரண மெழுகு கிரேயான்தான் வேண்டும். பெரும்பாலும் பாரஃபின் மெழுகும் நிறமியும் சேர்ந்தது அது. 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஆயில் பேஸ்டலில் உலராத எண்ணெய் இருக்கிறது. ஆறிய பிறகும் பிசுபிசுப்பு போகாது, சில நாளில் எண்ணெய் தாளில் ஊறிப் பரவும். கழுவினால் போகும் வகை கிரேயான் சீராக உருகாமல் திட்டுத்திட்டாக நிற்கும். கெட்டியான பிளாஸ்டிக் கிரேயான் இந்தச் சூட்டுக்கு அசையாது. சூட்டை ஏற்றினால் நாற்றம் வரும். இம்மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

மெழுகு கிரேயானிலும் தரம் உண்டு. சிலவற்றில் நிறமி குறைவாகவும் சுண்ணாம்பு போன்ற நிரப்புத்தூள் அதிகமாகவும் இருக்கும். தாளில் வரைந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஜன்னலில் வைத்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு துண்டு மெழுகுத்தாளில் வரிசையாக உருக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஒளி ஊடுருவுகிற நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தங்கம், வெள்ளி போன்ற மினுமினுப்பு நிறங்கள் இந்தச் சோதனையில் ஏறக்குறைய எப்போதுமே தோற்கும்: மேசையில் ஜொலிக்கும், ஜன்னலில் கறுப்பாகத் தெரியும்.

5. எவ்வளவு துருவல் போடணும்? நிறைய போட்டா நிறம் நல்லா வரும்னு நினைச்சேன்.

நினைப்பதற்கு நேர்மாறு. இது பூச்சு வேலை இல்லை, ஒளி உள்ளே புகுந்து வெளியே வர வேண்டிய வேலை. மெழுகு தடிக்கத் தடிக்க ஒளி அதற்குள்ளேயே சிதறி நின்றுவிடும்.

கணக்கு இதுதான். சாதாரண கிரேயான் ஒன்று சுமார் 9 செ.மீ. நீளம், 8 மி.மீ. விட்டம், மொத்தக் கன அளவு 4.5 கன செ.மீ. ஏ4 தாளில் பாதி எடுத்து, ஓரத்தில் 2 செ.மீ. விட்டால் உள்ளே ஏறத்தாழ 17 செ.மீ.க்கு 11 செ.மீ. கிடைக்கும். அதில் அரைக் கிரேயானைப் பரப்பினால் மெழுகின் கனம் சுமார் 0.12 மி.மீ. வரும், அதாவது எழுதும் தாள் ஒன்றின் கனம்தான். அதுவே போதும். எல்லா நிறமும் சேர்த்துத்தான் அரைக் கிரேயான். ஒவ்வொன்றிலும் அரை அல்ல.

கண்ணளவில் சொன்னால், தூவிய பிறகு துருவலுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு தாள் வெறுமையாகத் தெரிய வேண்டும். உருகும்போது மெழுகு பரவி அந்த இடங்களில் பெரும்பகுதியை மூடிவிடும். போதவில்லை என்று பட்டால் உங்கள் கண்ணை நம்பாதீர்கள், ஒரு தாளைச் செய்து ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. ஷார்ப்னர்ல சீவினா உடனே அடைச்சிக்குது. வேற வழி?

கையின் சூட்டில் கிரேயான் இளகுவதால்தான் அடைக்கிறது. 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கெட்டியாகி, மொறமொறவென்று சீவல் உதிரும். இரண்டு கிரேயானை மாற்றி மாற்றிச் சீவுங்கள், ஒன்று சூடேறுவதற்குள் மற்றது குளிர்ந்திருக்கும். அடைத்துவிட்டால் பல்குச்சியால் தோண்டியெடுத்து, ஒரு சாதாரண பென்சிலை நாலு சுற்றுச் சீவினால் அலகு சுத்தமாகிவிடும்.

காய்கறித் துருவியையும் பயன்படுத்தலாம், ஆனால் அதை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கத்தியால் தட்டிக் கொத்திய சில்லுகள் வேண்டாம். 2 மி.மீ.க்கு மேல் இருக்கும் சில்லு உருகுவதற்குள் சுற்றியுள்ள மெல்லிய துருவல் உருகி ஓடிவிடும், கடைசியில் சில்லு இருந்த இடம் மட்டும் மேடாக நிற்கும்.

சுற்றுக் காகிதம் உரிய மறுத்தால் கிரேயானை 10, 15 நிமிடம் தண்ணீரில் போடுங்கள். காகிதம் தானாக வழன்று வரும். அப்புறம் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஏன் என்பது 13-ஆம் கேள்வியில்.

7. இஸ்திரிப் பெட்டியில சூடு எதுல வைக்கிறது?

ஒற்றைப் புள்ளி. துணிக் குறியீட்டில் ஒரு புள்ளி என்பது அதிகபட்சம் சுமார் 110 டிகிரி, இரண்டு சுமார் 150, மூன்று சுமார் 200. மெழுகு 65 டிகிரிக்குள் உருகுவதால் ஒற்றைப் புள்ளியே தாராளம். நடுவில் தாள் இருப்பதால் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பொறுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் உருகவில்லை என்றால் மட்டும் இரண்டு புள்ளிக்குப் போகலாம். மூன்று புள்ளி இந்த வேலைக்கே கிடையாது: மெழுகு தண்ணீராக ஓடி ஓரத்தில் வழியும், மெழுகுத்தாள் புகையும்.

ஆவிப் பெட்டி என்றால் ஆவியை நிறுத்தினால் மட்டும் போதாது, தொட்டியிலுள்ள தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் சுருங்கும்.

8. குழந்தைங்க செய்யலாமா?

உரிப்பது, சீவுவது, தூவுவது, வடிவம் வரைவது எல்லாம் அவர்கள் வேலை. இஸ்திரிப் பெட்டி பெரியவர் கையில். பெட்டியை எடுத்த உடனே தாளைத் தொடவிடாதீர்கள். மேல் தாள் ஆறியதுபோல் இருக்கும், உள்ளே மெழுகு இன்னும் திரவமாக இருக்கும்.

சூடான மெழுகு தோலில் பட்டால் பிய்த்தெடுக்க முயலக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

9. எல்லா நிறமும் கலந்து சேறு மாதிரி ஆயிடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

இரண்டு காரணங்கள், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலாவது, பெட்டியை இழுத்துத் தேய்த்தது. உருகிய மெழுகு பெட்டி போகிற திசையில் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடும். அழுத்தித் தூக்கினால் நிறங்கள் ஓரத்தில் மட்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

இரண்டாவது, நிறத் தேர்வு. சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் கலந்தால் பழுப்புதான் வரும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து நிறங்களாக எடுங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒரு கூட்டம், நீலம், நீலப்பச்சை, பச்சை இன்னொரு கூட்டம். இவை எங்கே கலந்தாலும் பாழாகாது. கறுப்பும் பழுப்பும் ஆளுக்கொரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் தாளாக உருக்குங்கள். கறுப்பு அட்டையில் கட்டம் கட்டமாக வெட்டி, அட்டையின் பின்னால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறத்தாளை ஒட்டுங்கள். கட்டத்துக்குக் கட்டம் 5 மி.மீ. அகலத்தில் அட்டைக் கோடு விட்டால் ஒட்டுவதற்கும் இடம் இருக்கும், முன்னாலிருந்து பார்க்க ஈயக் கம்பி வைத்த வண்ணக் கண்ணாடி போலவே தெரியும். வேலை கூடுதல், ஆனால் இந்த முறையில் வருகிற சுத்தமான நிறம் தூவல் முறையில் வராது.

10. சூடா இருக்கும்போது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஆறினதும் மங்கிப்போச்சே, ஏன்?

தவறு எதுவும் நடக்கவில்லை. திரவ மெழுகு தெளிவானது; இறுகும்போது நுண்ணிய படிகங்களாகிறது, படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. மெழுகுவத்தியின் சுடருக்கு அடியில் உருகி நிற்கும் மெழுகு தெளிவாகவும், சுற்றியுள்ளது வெள்ளையாகவும் இருப்பதும் இதனால்தான். இதை முழுவதும் தவிர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். மெழுகு மெலிந்திருந்தால் மங்கலும் குறைவு, ஆக 5-ஆம் கேள்வியின் அளவுக்கே திரும்ப வருகிறோம்.

இன்னொன்று வெள்ளைக் கிரேயான். அதிலுள்ள வெள்ளை நிறமி ஒளியைத் தடுப்பதற்கென்றே ஆனது. இளஞ்சிவப்பு, வெளிர் நீலம் போன்ற வெளிர் நிறங்களிலும் அது கலந்திருக்கும். நிறத்தை வெளிறச் செய்ய வேண்டுமானால் நிறமில்லாத மெழுகுவத்தியைச் சீவிக் கலந்துகொள்ளுங்கள், நிறம் இளகும், ஒளி தடைபடாது.

மேசையில் கிடக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் இல்லாதபோது எல்லாத் தாளும் மங்கல்தான்.

11. தாள் ரெண்டும் பிரிஞ்சி வந்துடுது.

முதலில் 3-ஆம் கேள்வியின் நகச் சோதனை. மெழுகுத்தாள்தான் என்று உறுதியானால், ஓரங்களில் சூடு போதவில்லை என்று பொருள். துருவல் இருக்கும் நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுமையாக விட்ட 2 செ.மீ. ஓரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாளைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஓரம்தான். பெட்டியின் முனையால் நான்கு பக்கமும் ஒரு சுற்று அழுத்துங்கள். வெள்ளைத் தாளை உரிக்கும்போதும் அவசரம் கூடாது. ஆறுவதற்கு முன் இழுத்தால் அதோடு மெழுகுத்தாளும் எழுந்து வந்துவிடும்.

12. ஓரத்துல வழிஞ்சி இஸ்திரிப் பெட்டியெல்லாம் மெழுகு. பெட்டி போச்சா?

போகவில்லை. பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். அடங்காவிட்டால் குறைந்த சூட்டில் வெள்ளைத் தாளின்மேல் நாலைந்து முறை தேய்த்தால் தாள் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் வருவது நிற்கும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆவித் துளைகளில் போனது இருந்தால் பஞ்சுக்குச்சியால் எடுங்கள். அடுத்த நல்ல துணிக்கு முன் ஒரு பழைய துணியில் சோதித்துவிடுங்கள்.

வழிந்ததற்குக் காரணம் துருவல் அதிகம், அல்லது சூடு அதிகம், அல்லது ஓரம் விடவில்லை.

13. நடுவுல குமிழ் குமிழா காலி இடம் தெரியுது.

காற்று அல்லது ஈரம். காற்று என்றால், பெட்டியை ஓரங்களிலிருந்து உள்நோக்கி வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழி இல்லை. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். ஓரத்தை ஒட்டுவது கடைசி வேலை.

ஈரம் என்றால் குமிழைச் சுற்றித் தாள் சுருங்கியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்த கிரேயானைச் சரியாகத் துடைக்காமல் சீவியது, அல்லது ஃப்ரீசரிலிருந்து எடுத்ததில் பனித்துளி படிந்தது. சீவிய துருவலைத் தாளில் பரப்பி 10 நிமிடம் உலரவிட்டால் இந்தத் தொல்லை வராது.

14. நடுவுல இலை, பூ வெச்சு செய்யலாமா?

செய்யலாம், உலர்ந்ததாக இருந்தால். பச்சை இலையிலுள்ள நீர் சூட்டில் ஆவியாகிக் குமிழ் கிளப்பும். இலையும் சில நாளில் பழுப்பாகும். தடித்த புத்தகத்துக்குள் ஒன்றிரண்டு வாரம் அழுத்தி வைத்து, மடித்தால் ஒடிகிற பதம் வந்த பிறகு எடுங்கள். தடித்த காம்பை வெட்டிவிடுங்கள், அந்த இடத்தில் தாள் ஒட்டாது. இலையின் மேல் துருவல் தூவாமல் சுற்றிலும் மட்டும் தூவினால் நரம்பு வரை தெளிவாகத் தெரியும்.

15. வடிவமா வெட்டினா ஓரம் பிசிறுது, சில சமயம் பிளந்துக்குது.

வெதுவெதுப்பாக இருக்கும்போது வெட்டினால் கத்தரிக்கோலில் மெழுகு இழுபட்டுப் பிசிறும். மிகவும் குளிர்ந்திருந்தால் மெழுகு ஒடியும். அறைச் சூட்டுக்கு வந்ததும் வெட்டுவதே சரி. வெட்டிய ஓரம் பிளந்தால், வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் 3 விநாடி அழுத்துங்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளும். எப்படியும் ஓரம் சட்டத்துக்குள் மறையப்போகிறது; அதனால் தேவையான வடிவத்தைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. பெரிதாகவே வெட்டுங்கள்.

16. ஜன்னல்ல எப்படி மாட்டுறது? நேரா கண்ணாடியில ஒட்டிடலாமா?

தொங்கவிடுவது நல்லது. ஒரே அளவில் இரண்டு அட்டைச் சட்டம் வெட்டி, நடுவே தாளை வைத்து ஒட்டுங்கள். துளையை அட்டையில் போடுங்கள். மெழுகுத்தாளில் போட்டால் நாளடைவில் கிழியும். துளை இரண்டாக இருந்தால் சன்கேட்சர் சுழலாமல் முகம் காட்டி நிற்கும்.

கண்ணாடிக்கும் அதற்கும் 1 அல்லது 2 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். கண்ணாடியோடு ஒட்டிவிட்டால் கண்ணாடியின் சூடு முழுவதும் மெழுகில் இறங்கும், குளிர்காலத்தில் கண்ணாடியில் கோக்கும் நீர் தாளை நனைக்கும். சட்டம் இல்லாமல் தொங்கவிட்டால் மெழுகுத்தாள் ஒரு வாரத்திலேயே ஓரம் சுருளத் தொடங்கும்.

17. வெயில்ல மாட்டுறதுக்குத்தானே செய்யறோம், வெயில்லயே உருகிடாதா?

நியாயமான சந்தேகம். கிரேயான் மெழுகு உருக 50 டிகிரி ஆகும் என்றாலும், 40 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். மதிய வெயில் நேராக விழும் மூடிய ஜன்னலில், அதிலும் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே, அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். முதல் அறிகுறி, தாள் நடுவில் தொய்வது. அடுத்து கீழ் ஓரத்தில் நிறம் திரள்வது.

காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல் நல்லது. நேர் வெயிலே விழாத, வானம் தெரிகிற ஜன்னல் இன்னும் நல்லது. மெல்லிய தாளுக்கு வானத்தின் வெளிச்சமே போதும். மேற்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் சிறியதாகச் செய்யுங்கள். 10 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் அட்டைச் சட்டம் தாளை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டிக்குள் எந்தக் காலத்திலும் மாட்டாதீர்கள். நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறும் வெப்பத்தில் அது நிச்சயம் உருகும், இருக்கையில்தான் வழியும்.

18. நிறம் வெளுத்துப்போகுமா?

போகும். புற ஊதா ஒளியில் நிறமி சிதையும். பளீரென்று ஒளிரும் ஃபுளோரசன்ட் நிறங்கள் முதலில் போகும், மண் நிறங்கள் அதிக நாள் தாங்கும். நிரந்தரப் பொருளாக நினைக்காமல், பருவத்துக்கு ஒரு முறை மாற்றுவதாக வைத்துக்கொண்டால் வருத்தம் இல்லை. சட்டத்தை மட்டும் பத்திரப்படுத்துங்கள், உள்தாளை மாற்றிக்கொள்ளலாம்.

19. இஸ்திரிப் பெட்டி இல்ல. ஹேர் டிரையர், ஓவன், மைக்ரோவேவ், எதுல செய்யலாம்?

ஓவனில் செய்யலாம், ஆனால் முறை வேறு. மெழுகுத்தாளை ஓவனில் வைக்கக் கூடாது, புகையும். 3-ஆம் கேள்வியில் ஒதுக்கிய சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பர்தான் இங்கே சரி. தட்டில் அதை விரித்து, துருவலைத் தூவி, 110 டிகிரியில் வையுங்கள். 5 நிமிடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். உருகிப் பளபளப்பு வந்ததும் எடுத்துவிடலாம். ஆறியதும் மெழுகு ஏடு தனியாக உரிந்து வரும். எளிதில் ஒடிகிற அந்த ஏட்டை இரண்டு தெளிவான பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துச் சட்டம் போடுங்கள்.

ஹேர் டிரையர் துருவலை உருக்குவதற்கு முன் ஊதிப் பறக்கவிட்டுவிடும். மேலே மெழுகுத்தாளை மூடி, ஓரத்தில் கனமான எதையாவது வைத்து, குறைந்த காற்று, அதிகச் சூடு என்று வைத்தால் சிறிய தாள் ஒன்று தேறும். மெழுகு இளகியதும் உருட்டுக்கட்டையால் ஒரு முறை அழுத்தி உருட்டினால்தான் தாள்கள் ஒட்டும்.

மைக்ரோவேவ் வேண்டாம். பாரஃபின் மெழுகு நுண்ணலையை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பாத்திரம் கொதிக்கும், மெழுகு அப்படியே கிடக்கும்.

20. தாளே இல்லாம, நேரா ஜன்னல் கண்ணாடி மேலயே உருக்கிடலாமா?

வழவழப்பான கண்ணாடியில் மெழுகு பிடித்து நிற்காது. இறுகும்போது சுருங்கி, தட்டினால் செதிளாக உதிரும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓரிடத்தில் மட்டும் சூடேற்றினால் ஜன்னல் கண்ணாடி விரிசல் விடலாம். கண்ணாடியில் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கண்ணாடிக் குடுவையின் வெளிப்பக்கத்தில் செய்யுங்கள். உள்ளே வைப்பது எல்இடி விளக்காக இருக்கட்டும், மெழுகுவத்தி வேண்டாம்.

21. பாதுகாப்பா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிடலாமா?

சூடான லேமினேட்டரில் கூடவே கூடாது. அதன் உருளைகள் 100 டிகிரிக்கு மேல் சூடேறும். உள்ளே போனதும் மெழுகு உருகி, அழுத்தத்தில் பக்கவாட்டில் பீய்ச்சி, உருளையில் அப்பிக்கொள்ளும். அடுத்துப் போகும் எல்லாத் தாளிலும் அந்தக் கறை விழும். சூடு வேண்டாத, தானே ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலம் போதும். இருபுறமும் ஒட்டி, ஓரத்தில் 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மெழுகின்மேல் அது ஒட்டாது, படலத்தோடு படலம் ஒட்டுகிற அந்த ஓரம்தான் பிடிமானம்.

22. பாத்திரத்துல உருக்கி அச்சுல ஊத்தினா வேலை சுலபமாச்சே?

சுலபம்தான், ஆனால் கிடைப்பது வில்லை, சன்கேட்சர் அல்ல. 3 மி.மீ. கனம் வந்தாலே ஒளி ஊடுருவாது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பிளாஸ்டிக் மணிகளை அச்சில் உருக்கிச் செய்யும் இன்னொரு வகை சன்கேட்சர். அந்த மணிகள் தெளிவான பிளாஸ்டிக், அதனால் தடிப்பாக இருந்தாலும் ஒளி போகும். இரண்டின் செய்முறையையும் கலக்காதீர்கள். அதற்குரிய சூட்டில் கிரேயான் புகைந்துவிடும்.

வேறு எதற்காவது உருக்குவதானாலும் நேரடி அடுப்பில் வேண்டாம். ஒரு டப்பாவில் கிரேயானைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்குங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகும் தாண்டாது. நேரடிச் சூட்டில் மெழுகு 200 டிகிரியை நெருங்கினால் அதன் ஆவி தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற மெழுகு நாலாபக்கமும் தெறிக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிடும்.

23. துணியிலயும் மேசையிலயும் சிந்திடுச்சு, எப்படி எடுக்கிறது?

ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும், இறுகவிடுங்கள். மேசை, கண்ணாடி என்றால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, மிச்சத்தைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் முடியுங்கள். துணி என்றால் சுரண்டியபின், உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்துக் குறைந்த சூட்டில் தேயுங்கள், தாளை மாற்றிக்கொண்டே. மெழுகு முழுவதும் போகும். நிறக்கறை கொஞ்சம் தங்கலாம். சோப்பு தடவி ஊறவைத்து அலசுங்கள், கறை போகும்வரை சூடான உலர்த்தியில் போடாதீர்கள்.

24. சொதப்பின தாளைத் திரும்பச் சரிபண்ண முடியுமா, குப்பைக்குத்தானா?

பெரும்பாலும் சரிபண்ணலாம். மெழுகு மறுபடி உருகும், எத்தனை முறை வேண்டுமானாலும். தடித்துவிட்டது என்றால், மேலும் கீழும் புது வெள்ளைத் தாள் வைத்து, நடுவிலிருந்து ஓரமாக மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் வழிவதை அனுமதிக்கலாம்: ஓரத்தில் வெளிவரும் மெழுகை வெள்ளைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், தாள் மெலியும். வெறுமை தெரிந்தால் ஓரத்தைச் சூடுகாட்டிப் பிரித்து, அங்கே ஒரு சிட்டிகை துருவல் போட்டு மூடுங்கள்.

மீட்க முடியாதது சேறான நிறம் ஒன்றுதான். கலந்ததைப் பிரிக்க வழியில்லை. அதை இலை, மரத்தண்டு, பறவை என்று சின்னச் சின்ன வடிவமாக வெட்டி, அடுத்த தாளுக்குள் நிழலுருவமாக வையுங்கள். பிரகாசமான மஞ்சளுக்கு நடுவே அந்தப் பழுப்பு நன்றாகவே எடுக்கும்.